ஏழெழுத்து முகம்

எடோ காலத்து ஜப்பானில் ஒரு பிள்ளையின் எழுத்துப் பயிற்சி நோட்டைப் பிரித்தால் எழுத்து ஒன்றும் கண்ணுக்குத் தெரியாது. தாள் முழுக்க மைதான். காகிதத்தை வீணாக்கக் கூடாது என்பதால் எழுதிய தாளைக் காயவைத்து, அதன் மேலேயே மறுபடி எழுதுவார்கள், பிறகு மறுபடியும். சில நாளில் பக்கம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். ஆனாலும் பயிற்சி நிற்காது. காய்ந்த கறுப்பின் மேல் ஈர மை பளபளக்கும். அந்தப் பளபளப்பு மறைவதற்குள் எழுத்தின் வடிவம் சரியா தப்பா என்று பார்த்துவிட வேண்டும்.

இது நடந்த இடத்துக்குத் தெராகோயா என்று பெயர். நம் திண்ணைப் பள்ளிக்கூடம் போல, பெரும்பாலும் ஒற்றை ஆசிரியர் தம் வீட்டிலேயோ கோயிலிலோ நடத்தியது. அரசாங்கம் கட்டியதல்ல, கட்டாயமும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜப்பானியக் கல்வி அமைச்சகம் பழைய பள்ளிகளைக் கணக்கெடுத்தபோது 15,000க்கும் மேற்பட்ட தெராகோயாக்கள் பதிவாகின. ஆறு, ஏழு வயதில் பிள்ளை சேரும். தனக்கென்று ஒரு சிறிய எழுதுமேசை. அவரவர் வேகத்துக்கு அவரவர் பாடம். ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் தம் கையாலேயே மாதிரி எழுதித் தருவார். மேசைக்கு இந்தப் பக்கம் அமர்ந்தபடியே, எதிரில் இருக்கும் பிள்ளைக்கு நேராகத் தெரியும்படி எழுத்தைத் தலைகீழாக எழுதிக் காட்டுவது அந்த ஆசிரியர்களின் தனித்திறமை.

இத்தனை ஒழுங்காகவா பிள்ளைகள் படித்தார்கள்? இல்லை என்பதற்குப் படச் சான்று இருக்கிறது. ஓவியர் வத்தனபே கசான் 1818இல் வரைந்த ‘இஸ்ஸோ ஹியாக்குதாய்’ என்ற படத்தொகுப்பில் ஒரு தெராகோயா வகுப்பு வருகிறது. ஆசிரியர் ஒரு பக்கம் பாடம் சொல்லிக்கொண்டிருக்க, மறுபக்கம் பிள்ளைகள் கட்டிப் புரள்கிறார்கள். குறும்பு எல்லை மீறினால் தண்டனையும் உண்டு: ஒரு கையில் நீர் நிரம்பிய கிண்ணம், மறுகையில் எரியும் ஊதுபத்தி. பத்தி எரிந்து முடியும்வரை நீர் சிந்தாமல் இருக்க வேண்டும்.

அந்தப் பள்ளிகளில் புழங்கிய பாடநூல்களுக்கு ஓராய்மோனோ என்று பெயர். தொடக்கத்தில் கடித மாதிரிகளின் தொகுப்பாக இருந்தவை, பிறகு ஊர்ப்பெயர், தொழில், வணிகச் சொற்கள் என்று விரிந்தன. இன்று ஏறத்தாழ 7,000 வகைகள் அறியப்பட்டுள்ளன. இவற்றில் சில, எழுத்துகளைப் பாட்டாகக் கோத்து மனப்பாடம் செய்யவைப்பவை. ‘ஓனோ நோ தக்கமுரா உதாஜி ஸுக்குஷி’ என்ற நூல் அவ்வகை. 9ஆம் நூற்றாண்டு அறிஞர் ஓனோ நோ தக்கமுராவின் பெயரைத் தாங்கிய அந்த நூல், பொதுவான உறுப்பு ஒன்றைக் கொண்ட, சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகளை வரிசையாக அடுக்கித் தந்தது. ‘மரம்’ என்ற உறுப்போடு வசந்தத்தைச் சேர்த்தால் கமேலியாச் செடி. கோடையைச் சேர்த்தால் வேறொரு மரம். இலையுதிர்காலத்துக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று. பிள்ளைகள் இதைத் தலையாட்டிக்கொண்டே ஒப்பித்தார்கள்.

1806இல் ஷிகிதேய் சன்பா என்ற நகைச்சுவை எழுத்தாளர் இந்தப் பாடநூலைக் கையில் எடுத்தார். தக்கமுரா என்ற பெயரில் ஓரிரு அசைகளை மாற்றி, ‘முட்டாள்’ என்ற ஒலி வரும்படி தலைப்பை வைத்தார். உள்ளே இருந்தவை எல்லாம் எந்த அகராதியிலும் இல்லாத பொய் எழுத்துகள். மரத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மனிதனை வைத்தார். மனிதனோடு வசந்தம் சேர்ந்தால் சபலம். கோடை சேர்ந்தால் உற்சாகம். இலையுதிர்காலம் சேர்ந்தால் மனச்சோர்வு. குளிர்காலம் சேர்ந்தால் மந்தம். ஆண்டுக் கடைசி சேர்ந்தால்? கையும் ஓடாமல் காலும் ஓடாமல் தவிப்பது. கடன் பாக்கிகளை ஆண்டு முடிவில் தீர்க்க வேண்டிய ஊரில் இந்தக் கடைசி எழுத்துக்கு எல்லாரும் சிரித்திருப்பார்கள்.

இதைப் பெரியவர்களுக்கான கேலி என்று மட்டும் தள்ளிவிட முடியாது. மூலப் பாட்டை ஒப்பித்தவருக்குத்தான் இந்தக் கேலி புரியும். உறுப்புகள் சேர்ந்து எழுத்தாகும் விதம் மனத்தில் பதிந்திருந்தால்தான் பொய் எழுத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரும். ஒரு பாடம் உண்மையிலேயே உள்ளே இறங்கியிருக்கிறதா என்று அறிய இதைவிட நல்ல தேர்வு கிடைப்பது அரிது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1810இல், அதே பாடநூலின் பெயரை மறுபடியும் திரித்து ஹொகுசாய் ஒரு புத்தகம் போட்டார். பிற்காலத்தில் பேரலை ஓவியத்தால் உலகப் புகழ் பெற்ற அதே கத்ஸுஷிகா ஹொகுசாய்தான். சன்பா எழுத்தை வைத்துப் பொய் எழுத்து செய்தார். ஹொகுசாய் எழுத்தை வைத்து மனிதர்களைச் செய்தார். எழுத்துகளின் கோடுகளே தலையாகவும் தோளாகவும் மடித்த காலாகவும் மாறி ஆட்கள் பக்கத்தில் வந்து நிற்கும் வகை அது. ஜப்பானில் இதற்கு மோஜி-எ என்று பெயர்.

இப்படி ஒரு வேடிக்கை அந்த ஊரில் தழைத்ததற்குக் காரணம் கருவியில் இருக்கிறது. எழுதுவதும் வரைவதும் அங்கே ஒரே தூரிகை, ஒரே மை. புத்தகம் அச்சிடும் முறையும் அதற்கு ஒத்துழைத்தது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் அச்செழுத்துக் கோக்கும் முறை ஜப்பானுக்கு வந்தது. அரை நூற்றாண்டு ஓடிப் பார்த்துவிட்டு, பதிப்பாளர்கள் மரப்பலகை அச்சுக்கே திரும்பிவிட்டார்கள். மெல்லிய தாளில் எழுத்தையும் படத்தையும் சேர்த்தே எழுதி, அந்தத் தாளைச் செர்ரி மரப்பலகையில் குப்புற ஒட்டி, கோடுகளை விட்டுவிட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார்கள். செதுக்குபவரின் கத்திக்கு எழுத்து வேறு, படம் வேறு என்ற பேதமில்லை. அதனால்தான் எடோ காலப் படப்புத்தகங்களில் எழுத்து தனியாக ஒரு கட்டத்துக்குள் அடங்கி உட்காராது. படத்தில் இருப்பவரின் தோளைச் சுற்றி வழிந்து, கூரைக்கும் மரக்கிளைக்கும் நடுவில் நுழைந்து, ஓர் எலியின் வால் முடியும் இடத்தில் முடியும்.

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே பிள்ளைகளுக்கென்று சிவப்பு அட்டையிட்ட சிறு புத்தகங்கள் வந்தன. அகாஹோன் என்பார்கள். ஐந்து தாளை மடித்துத் தைத்த பத்துப் பக்கம், ஒரு புத்தகம். பீச் பழத்திலிருந்து பிறந்த மொமோதாரோ, எலிகளின் கல்யாணம், குரங்குக்கும் நண்டுக்கும் நடந்த சண்டை ஆகிய கதைகள் படத்தோடு வந்தன. எழுத்து பெரும்பாலும் ஹிரகானா என்ற எளிய ஒலியெழுத்தில். தெராகோயாவில் முதலில் கற்கும் எழுத்து அதுதான். வாங்க முடியாதவர்களுக்கு வாடகைப் புத்தகக்காரர்கள் இருந்தார்கள். 1808இல் எடோ நகரில் மட்டும் இப்படி 656 வாடகைப் புத்தகக் கடைகள். புத்தக மூட்டையை முதுகில் சுமந்து வீடு வீடாகப் போவார்கள். ஹொகுசாயும் சிறுவனாக ஒரு வாடகைப் புத்தகக் கடையில் வேலை பார்த்தார், பிறகு பலகை செதுக்கும் தொழில் கற்றார் என்று அவருடைய வரலாறு சொல்கிறது. எழுத்தும் படமும் ஒரே பலகையில் உருவாவதைக் கத்தி முனையிலேயே அறிந்த கை அது.

பாடநூல் எழுதியவர்களும் வேடிக்கை நூல் எழுதியவர்களும் வேறு வேறு ஆட்கள் அல்லர் என்பதும் இங்கே முக்கியம். ஜிப்பென்ஷா இக்கு என்ற பெயரைக் கேட்டால் ஜப்பானியர்களுக்கு இரண்டு அசட்டுப் பயணிகள் தோக்கைதோ சாலையில் அடிக்கும் கூத்துதான் நினைவுக்கு வரும். அதே இக்கு பிள்ளைகளுக்கான ஓராய்மோனோக்களும் ஏராளமாக எழுதியவர். 1802இல் அவர் எழுதிய ஒரு படப்புத்தகம், படப்புத்தகம் எப்படி உருவாகிறது என்பதையே கதையாக்கியது. எழுத மறுக்கும் இக்குவுக்குப் பதிப்பாளர் ஏதோ கலந்த மதுவைக் கொடுத்துக் கதை கறக்கிறார். அடுத்தடுத்த பக்கங்களில் பலகை செதுக்குவது, மை தேய்த்து அச்சிடுவது, தாள் அடுக்குவது, தைப்பது எல்லாம் சிரிக்கச் சிரிக்க நடக்கின்றன. ஒரு தொழிலை வெளியார்க்கு இவ்வளவு துல்லியமாக விளக்கிய நூல் அந்தக் காலத்தில் வேறு எங்காவது நகைச்சுவையாக வந்திருக்குமா என்பது சந்தேகமே.

வரையக் கற்றுத்தரும் புத்தகங்களுக்கு வருவோம். குவகத்தா கெய்சாய் என்ற ஓவியர் 1795இல் ‘ரியாக்குகா-ஷிகி’ என்ற நூலை வெளியிட்டார். நாலைந்து கோட்டில் ஒரு மனிதன், இரண்டு கோட்டில் ஒரு பறவை. மூக்கும் முழியும் விவரமாக வராது. ஆனால் குனிபவன் குனிவது தெரியும், தூங்கி வழிபவன் தூங்குவது தெரியும். பார்த்தவுடன் ‘இதை நானும் வரைவேன்’ என்று கை பரபரக்க வைக்கும் கோடுகள். ஹொகுசாய் எதையும் தம்மைப் பார்த்துத்தான் செய்கிறார் என்று கெய்சாய் குறைப்பட்டதாக எடோ காலக் குறிப்பு ஒன்று உண்டு. குறை நியாயமானதோ இல்லையோ, ஹொகுசாய் அந்தப் பாதையில் வெகுதூரம் போனார்.

1812இல் அவர் வெளியிடத் தொடங்கிய ‘ரியாக்குகா ஹயா-ஓஷியே’, விரைவாக வரையக் கற்றுத்தரும் கைநூல். முதல் பகுதியில் கவராயமும் அளவுகோலுமே ஆசான்கள். முடிந்த படத்தோடு அதற்குள் ஒளிந்திருக்கும் வட்டங்களையும் கோடுகளையும் தனியே காட்டினார். அடுத்த பகுதியில் வட்டத்தின் இடத்துக்கு எழுத்து வந்தது. எழுதத் தெரிந்த பிள்ளைக்கு வரையவும் தெரியும். எந்த எழுத்தை எங்கே நீட்டி எங்கே வளைப்பது என்று தெரிந்தால் போதும். 1814இல் ‘ஹொகுசாய் மங்கா’வின் முதல் தொகுதி நகோயாவில் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரில் மாக்கி பொக்குசென் என்ற மாணவரின் வீட்டில் தங்கியிருந்தபோது வரைந்து குவித்த முன்னூறுக்கும் மேற்பட்ட படங்கள் அதன் வித்து. மொத்தம் 15 தொகுதிகள்; கடைசித் தொகுதி வந்தது 1878இல், ஹொகுசாய் இறந்து 29 ஆண்டுகள் ஆன பிறகு. மாணவர்கள் பார்த்து வரையவே அது அச்சானது. ஆனால் அதில் பாதிப் பக்கங்களைப் பார்த்தால் பாடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். முகத்தைக் கோணலாக்கிக் காட்டுபவர்கள், குளித்துக்கொண்டிருக்கும் குண்டர்கள், எலும்பும் தோலுமாகச் சட்டியோடு போராடும் ஒல்லிகள். உடல் எப்படி மடங்குகிறது, எங்கே எடை விழுகிறது என்பதைக் கற்றுத்தர, கம்பீரமாக நிற்பவனைவிடத் தடுக்கி விழுபவன்தான் நல்ல ஆசிரியன் என்பதை அவர் கண்டிருந்தார்.

இந்த நூல்கள் கைக்கு எட்டாத பிள்ளைக்கும் ஒரு படப்பாடம் இருந்தது. அது சுவரிலும் மண்ணிலும் கைமாறியது. பழைய வடிவம் ஒன்றில், ஹிரகானாவைப் போன்ற இன்னொரு ஒலியெழுத்து வகையான கதகானாவின் ஹெ, மா, மு, ஷி, யோ ஐந்தும் புருவம், கண், மூக்கு, வாய், காது என்று பக்கவாட்டு முகமாகும். கீழே துறவி என்ற சொல்லைக் கொடிபோல் சுழித்து எழுதினால் அங்கி போர்த்திய உடம்பு வந்துவிடும். இதைவிட எளியது, இன்றும் ஜப்பானில் பலருக்கும் வரையத் தெரிந்தது, ஹிரகானாவின் ‘ஹெ-னோ-ஹெ-னோ-மோ-ஹெ-ஜி’.

அதை வரையும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ‘ஹெ’ என்பது கூரைபோல் வளைந்த ஒரு கோடு. இடமும் வலமும் இரண்டு ‘ஹெ’ போட்டால் புருவங்கள். ‘னோ’ சுழித்து வரும் எழுத்து. புருவத்துக்குக் கீழே ஒவ்வொன்றாக வைத்தால் கண்கள். நடுவில் நெட்டுக்குத்தாக ‘மோ’, மூக்கு. அதன் கீழே மறுபடி ஒரு ‘ஹெ’, வாய். கூரை வடிவம் என்பதால் வாய் எப்போதும் சற்றுச் சலித்துக்கொண்டே இருக்கும். கடைசியில் ‘ஜி’. மேலிருந்து இறங்கி முகவாயைச் சுற்றி வளைந்து மேலே ஏறும் அந்த ஒரே இழுப்பில் முகம் மூடிக்கொள்ளும். எழுத்தின் மேல்மூலையில் இட வேண்டிய இரண்டு சிறு கீற்றுகள் காதாகிவிடும். பிள்ளை வாயால் சொல்லிக்கொண்டே எழுதும். ஏழாவது எழுத்து முடியும்போது ஒரு சிடுமூஞ்சி எதிரே நிற்கும். வயலில் காக்கை விரட்டும் பொம்மைக்கும் இதே முகத்தைத்தான் எழுதி வைப்பார்கள்.

இதில் கற்பவருக்குக் கிடைப்பது சிரிப்பு மட்டும் இல்லை. ‘னோ’வைப் பெரிதாக்கினால் முகம் திடுக்கிடும். ‘ஹெ’யைச் செங்குத்தாக்கினால் கோபம் வரும். தன் கையெழுத்தில் வரும் சிறு மாற்றம் ஒரு குணமாக மாறுவதைப் பிள்ளை தன் கண்ணாலேயே பார்க்கிறது. கறுத்த தாளில் ஒரே எழுத்தை நூறு முறை எழுதவைத்து ஆசிரியர் எதைப் பதியவைக்கப் பாடுபட்டாரோ, அதாவது கோட்டின் நீளமும் சாய்வும் இடமும், அதை இந்த முகம் தண்டனை இல்லாமல் பதியவைத்தது.

குனியோஷி என்ற ஓவியரிடம் இந்த விளையாட்டு உச்சத்தைத் தொட்டது. பூனைப் பித்தர், பட்டறையில் பூனைகள் சுற்றிச் சுற்றி வரும். 1840களின் தொடக்கத்தில் அவர் செய்த வரிசை ஒன்றில், பூனைகள் வளைந்து, உருண்டு, ஒன்றன் மேல் ஒன்று ஏறி ஹிரகானா எழுத்துகளாகின்றன. கூட்டிப் படித்தால் கெளுத்தி, விலாங்கு, ஆக்டோபஸ் என்று வரும். எல்லாம் பூனைக்குப் பிடித்த தீனி. இரையின் பெயரைத் தன் உடம்பாலேயே எழுதும் பூனையைப் பார்த்த பிறகு அந்த எழுத்தை மறப்பது கடினம்.

1842இல், நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரான ஷோகுனின் ஆட்சி நாடக நடிகர்களின் படங்களை அச்சிடத் தடை போட்டது. குனியோஷி அதற்குச் சொன்ன பதில், பிள்ளைக் கிறுக்கலாக வந்தது. 1847 வாக்கில் வெளியான அந்தப் படங்கள், சேமிப்புக் கிடங்கின் சுவரில் யாரோ சிறுவன் ஆணியால் கீறிவைத்தவை போலவே இருக்கும். கோணல்மாணலான தலைகள், நடுங்கும் கோடுகள், நடுவில் தலையில் துண்டோடு ஆடும் பூனை. அந்தத் தலைகளோ, ஊரே அறிந்த நடிகர்களின் முகங்கள். தேர்ந்த ஓவியர் ஒருவர் பிள்ளையின் கோட்டை இவ்வளவு மரியாதையோடு கற்று வரைந்திருக்கிறார். அந்தக் கோட்டுக்கு அருகிலேயே இருந்து பழகியவர் அவர். 1837இல் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அவரிடம் மாணவனாகச் சேர்ந்தான். குனியோஷி அவனைத் தம்மோடு அணைத்துக்கொண்டு படம் காட்டித் தருவதைப் பிறகு அவனே ஒரு புத்தகத்தில் வரைந்தான். அவன்தான் கவனபே கியோசாய்.

1872இல், ஷோகுன் ஆட்சி போய் வந்த மெய்ஜி அரசு நாடு முழுவதற்கும் ஒரே கல்விச் சட்டம் கொண்டுவந்தது. தெராகோயாக்கள் மறைந்தன. வரிசையாக மேசை, சுவரில் தொங்கும் சொற்பட்டியல், குச்சியால் சுட்டிக்காட்டும் ஆசிரியர். இரண்டே ஆண்டில் கியோசாய் இதைப் படமாக்கினார். ‘பேய்ப் பள்ளிக்கூடம்’ என்ற அந்த 1874ஆம் ஆண்டு அச்சுப்படத்தில் ஆசிரியர் ஐரோப்பிய உடுப்பு மாட்டியிருக்கிறார். மாணவர்கள் எல்லாம் பேய்க்குட்டிகளும், ஆற்றில் வாழும் கப்பா என்ற பூதங்களும். பாடம் மும்முரமாக நடக்கிறது.

கியோசாய் கண்டது சரியாகத்தான் இருந்தது. புதிய பள்ளியில் எழுத்து ஒரு பாடவேளை, ஓவியம் வேறொரு பாடவேளை. எழுத்துக்குத் தூரிகை, ஓவியத்துக்குப் பென்சில். 1871இல் கவகாமி தோகாய் ஆங்கிலக் கைநூல் ஒன்றைத் தழுவிக் கொண்டுவந்த ஓவியப் பாடநூல் இந்தப் பிரிவுக்கு வழிகாட்டி. முதலில் நேர்க்கோடு, பிறகு வளைகோடு, பிறகு பெட்டி. பின்னால் தூரிகைதான் நம்முடையது என்று ஒரு தரப்பு வாதாடி அதை ஓவிய வகுப்புக்குள் மீட்டது. ஆனாலும் முறை மாறவில்லை. மாதிரிப் புத்தகத்தில் உள்ளதை அப்படியே பார்த்து வரை என்பதுதான் பாடம். சன்பாவும் ஹொகுசாயும் அந்த வகுப்பறைக்குள் நுழையவே இல்லை.

அதை உடைத்தவர் யமமோத்தோ கனாயே. 1904இல் ‘மீனவர்’ என்ற படத்தைத் தாமே வரைந்து, தாமே பலகையில் செதுக்கி, தாமே அச்சிட்டு நவீன மர அச்சுக் கலைக்கு வழி திறந்தவர். ஐரோப்பாவிலிருந்து திரும்பும் வழியில் 1916இல் மாஸ்கோவில் குழந்தைகளின் ஓவியங்களைப் பார்த்தார்; அது அவரை உலுக்கியது. 1919 ஏப்ரலில் நகானோ மாநிலத்தில் கங்கவா கிராமத் தொடக்கப்பள்ளியில், மாதிரி பார்க்காமல் பிள்ளைகள் வரைந்தவற்றை மட்டும் வைத்துக் கண்காட்சி நடத்தினார். அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய ‘அகாய் தொரி’ என்ற சிறுவர் இதழ், வாசகப் பிள்ளைகளின் கட்டுரைகளையும் ஓவியங்களையும் கேட்டு வாங்கி வெளியிட்டது. கட்டுரைகளை ஆசிரியர் சுஸுக்கி மியேகிச்சி பார்த்தார். ஓவியங்களை யமமோத்தோ பார்த்தார். மாதிரிநூலை எரிச்சலோடு எதிர்த்த யமமோத்தோவுக்கு ஹெனோஹெனோ முகம் பிடித்திருக்குமா? அதுவும் ஒரு மாதிரிதானே என்று தோன்றலாம். ஆனால் ஏழு எழுத்தைப் பத்துப் பேர் எழுதினால் பத்து முகம் வருகிறது. ஒப்புநோக்கித் திருத்த அதற்குச் சரியான விடை என்று ஒன்று இல்லை.

பள்ளிக்கு வெளியே அந்த விளையாட்டு அறுபடவில்லை. பாடிக்கொண்டே வரையும் எகாக்கி-உதா பாட்டுகள் தெருவில் வாழ்ந்தன. 1960களில் அவற்றில் ஒன்று, சமையற்காரரை வரையும் பாட்டு, தொலைக்காட்சி வழியாக நாடெங்கும் பரவியது. எழுத்துப் பயிற்சி மட்டும் கட்டம் போட்ட தாளில் உம்மென்றே இருந்தது.

2017 மார்ச்சில் புன்க்யோஷா என்ற பதிப்பகம் தொடக்கப்பள்ளியின் ஆறு வகுப்புகளுக்கும் ஆறு கான்ஜி பயிற்சிநூல்களை வெளியிட்டது. அப்போது தொடக்கப்பள்ளியில் கற்க வேண்டிய கான்ஜி 1,006. ஒவ்வொன்றுக்கும் மூன்று எடுத்துக்காட்டு வாக்கியம், மொத்தம் 3,018. ஃபுருயா யூசாகு எழுதிய அத்தனை வாக்கியத்திலும் ஒரு சொல் தவறாமல் வரும்: ‘உங்கோ’. நம் பிள்ளைகள் ‘ஆய்’ என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்களே, அதுதான். அட்டையில் கண்ணாடியும் மீசையுமாக அதே வடிவத்தில் ஓர் ஆசிரியர். சில மாதங்களில் 20 லட்சம் படிகளுக்கு மேல் விற்றன. 2020இல் பாடத்திட்டம் திருத்தப்பட்டு, மாநிலங்களின் பெயர்களில் வரும் 20 எழுத்துகள் புதிதாகச் சேர்ந்து கணக்கு 1,026 ஆனது. பயிற்சிநூலும் புதுப் பதிப்பு கண்டது. ஒசாகா, ஒகினாவா, குமமோத்தோ என்ற ஊர்ப்பெயர்களின் எழுத்துகளுக்கும் இப்போது அந்தச் சொல் இடம்பெறும் வாக்கியங்கள் இருக்கின்றன.